பால் படம்

அத்தை என்னைக் கரப்பான் என்றுதான் கூப்பிடுவாள். இருட்டில் இருக்கிறேன், வெளிச்சம் பட்டால் ஓடுகிறேன், எதைப் போட்டாலும் தின்கிறேன் என்று அதற்குக் காரணமும் சொல்வாள். மூன்றும் உண்மைதான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பிறகு போகவில்லை. அப்பா என்னைத் தன் அக்காவின் ஸ்டுடியோவில் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து படம் கழுவும் அறை என்னுடையது. அங்கே யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. மருந்து வாடை அத்தைக்கு இருமலைக் கிளப்பும் என்பதால் அவள் கதவுக்கு வெளியே நின்று திட்டுவதோடு சரி.

எதிர்ச் சாரியில் கலர் ஸ்டுடியோ வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் அம்மாக்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக எங்கள் படியேறுவார்கள். காரணம் பால் படம்.

அத்தை வாங்கும் ரோல் எல்லாரும் வாங்கும் கருப்பு வெள்ளை ரோல் அல்ல. நம் கண்ணுக்குச் சிவப்போடு நிறம் முடிந்துவிடும். இந்த ரோல் அதற்கு அப்பாலும் கொஞ்சம் பார்க்கும். டப்பாவில் அகச்சிவப்பு என்று போட்டிருக்கும். அந்த ரோலைப் போட்டு, லென்சுக்கு முன்னால் கருஞ்சிவப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகிவிட்டால், கேமராவுக்கு மற்ற நிறங்கள் எல்லாம் மறைந்து அந்தக் கடைசிச் சிவப்பும் அதற்கு அப்பால் இருப்பதும் மட்டுமே தெரியும். அந்த வெளிச்சத்தில் மனிதத் தோல் பால் மாதிரி ஆகிவிடும். கறுத்த பெண் வெளுத்துவிடுவாள். பரு, செம்புள்ளி, அம்மை வடு எல்லாம் கரைந்துவிடும். உதடுகூடக் கரைந்துவிடும் என்பதால் அத்தை பெண்களின் உதட்டில் கண்மையைத் தடவுவாள். கறுத்த உதட்டோடு அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் செத்து மூன்று நாள் ஆனவர்கள் மாதிரி இருக்கும். படத்தில் தேவதை மாதிரி இருப்பார்கள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி உண்டு. உயிருள்ள இலைகள் அந்தப் படத்தில் வெள்ளை வெளேரென்று விழும். "காகிதப் பூவா?" என்று கேட்பார்கள். "ஆமா, வெளிநாட்டுது" என்பாள் அத்தை.

அந்தக் கருஞ்சிவப்புக் கண்ணாடிக்குப் பால் கண்ணாடி என்று பெயர். அவ்வளவு இருட்டு அது. அதைப் போட்டபிறகு கேமராவுக்குள் கண்ணை வைத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அத்தை முதலில் வெறும் லென்சில் முகத்தைக் கூர்மையாக்கிக்கொள்வாள். அந்தச் சிவப்பு வெளிச்சம் ஃபிலிமுக்குக் கொஞ்சம் பின்னால் போய்க் குவியும் என்பதற்காக லென்சில் தனியாக ஒரு சிவப்புக் குறி இருக்கும். வளையத்தை அந்தக் குறிக்குத் திருப்புவாள். பிறகு கேமராவை விட்டுக் கண்ணை எடுத்து, "கண்ணாடி" என்பாள். நான் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருகிவிட்டு ஒதுங்குவேன். அத்தை மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்துத்தான் என்ன ஆகப்போகிறது? "மூச்சை அடக்கு" என்று அதட்டுவாள். ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாக மூடி திறந்திருக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் இன்னொரு கண்ணாடி உண்டு. கருநீலம். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கறுப்புதான். பல்புக்கு நேரே தூக்கினால்தான் எது எதுவென்று தெரியும். எனக்குப் பால் கண்ணாடியின் விளிம்பில் உள்ள வெட்டைத் தடவியே தெரியும். நீலத்துக்கு மீசைக் கண்ணாடி என்று பெயர். முரடனாகத் தெரிய ஆசைப்படும் ஆண்களுக்கு. பால் கண்ணாடி எதையெல்லாம் அழிக்குமோ அதையெல்லாம் இது கறுப்பாகத் தோண்டி எடுக்கும். எங்கள் வாசலுக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் அதில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவருடைய அம்மைத் தழும்புகள் ஒவ்வொன்றும் ஒரு குழியாக விழுந்தன. சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவர் அதைச் சட்டம் போட்டுச் சாவிக் கொத்துகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். "பாத்தா பயம் வருதில்ல?" என்று எல்லாரையும் கேட்பார்.

வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரே ஒரு பெரிய படம். கழுத்தை லேசாகத் திருப்பி, இடது கன்னம் முழுதும் நம் பக்கம் வரும்படி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கன்னம் வழித்துவிட்ட பாலாடை மாதிரி இருக்கும். "இது மாதிரி எடுத்துக் குடுங்க" என்று அம்மாக்கள் விரல் நீட்டுவது அந்தப் படத்தைத்தான். தன் ஆயுளில் எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான் என்று அத்தை சொல்வாள். அவள் வேறு எதையும் நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் காலையில் அந்தப் படத்தில் இருந்தவள் ஒரு மூட்டையோடு வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

நான் முதலில் அவளை அடையாளம் காணவில்லை. இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை ஒயினைக் கொட்டியது மாதிரி சிவந்த மச்சம். பிறவி மச்சம். அத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்னம்மா, என்ன வேணும்?"

"அந்தப் படத்தை எடுங்க. நெகட்டிவையும் குடுங்க."

"எதுக்கு?"

"அது நான் இல்ல."

"நீ வந்து உக்காந்தே, நான் எடுத்தேன். நீ இல்லாம உங்க சித்தப்பாவா?"

"அந்தப் படத்தைப் பாத்துட்டு மாப்பிள்ளை வீட்டுல வந்தாங்க. என்னைப் பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "சரி, போனா போறான், படத்தையாவது திருப்பிக் குடுடான்னு ஆள் விட்டேன். தர மாட்டானாம். கடை மேசையில கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கானாம். என்னை வேணாம்னுட்டு என் மூஞ்சியை மட்டும் வெச்சிருக்கான். எங்க அம்மாவும் அதையே சுவத்துல மாட்டிட்டு அதைப் பாத்துத்தான் பெருமூச்சு விடுறாங்க. நான் பக்கத்துலயே நிக்குறேன், என்னைப் பாக்குறதில்ல. இங்க நடுத்தெருவுல வேற தொங்குது. எடுங்க."

"எடுக்க முடியாது. எடுத்தவங்களுக்குத்தான் படம் சொந்தம்."

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன். மூஞ்சியும் படமும் ஒரே எடத்துல இருக்கட்டும். ஜனங்க பாத்துக்கட்டும்."

மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே பட்டன் இல்லாத சட்டைகள். ஏதோ தையல் கம்பெனிக்குப் பட்டன் தைப்பது அவள் வேலை. ஊசியில் நூலைக் கோத்து, மச்சக் கன்னத்தைத் தெருவுக்குக் காட்டி, தன் படத்துக்குக் கீழேயே தைக்க ஆரம்பித்தாள். நான் மனதுக்குள் அவளுக்குப் பட்டன்காரி என்று பெயர் வைத்தேன்.

அத்தை அவள் காலடியில் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அவள் மூட்டையை ஒரு படி மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். அத்தை காறித் துப்பினாள். "நல்லா துப்புங்க, தொண்டை தேறும்" என்றாள் அவள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாக்கள் படத்தைப் பார்த்தார்கள், படியில் இருந்தவளைப் பார்த்தார்கள், கலர் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கலர் ஸ்டுடியோக்காரன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான் என்று சாவிக்காரர் அத்தையிடம் வந்து போட்டுக்கொடுத்தார். அத்தை ஒரு தட்டை உடைத்தாள்.

எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. நான் குப்பைக் கூடையோடு வெளியே போனபோது, "நீதானே அந்தப் படத்தைக் கழுவினது? உன் கை வெளங்குமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. "ஊமைக் கோட்டான்" என்றாள். ஸ்டுடியோவுக்குள் கரப்பான், வாசலில் கோட்டான். நாளைக்கு எதிர் நடைபாதைக்குப் போனால் என்ன பெயர் வைப்பார்களோ என்று நினைத்துக்கொண்டு கூடையைக் கவிழ்த்தேன்.

கடைசியில் அத்தைதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏம்மா, நான் பொய்ப் படம் எடுத்தேன்னுதானே சொல்றே?"

"ஆமா. பவுடரை அப்பினீங்க. உதட்டுல மையைப் பூசினீங்க. உள்ள கொண்டுபோய் ப்ரஷ்ஷால அழிச்சீங்க."

"சரி. எல்லாரும் கேட்டுக்குங்க. இப்பவே மறுபடி எடுக்கிறேன். பவுடர் கிடையாது, மை கிடையாது, டச்சிங் கிடையாது. கழுவுற ரூமுக்கு நீயே வந்து உக்காந்து பாரு. என்ன வருதோ அதுதான் இந்தப் பெட்டியில தொங்கும். பழைய மாதிரியே வந்துச்சுன்னா உன் மூட்டையைத் தூக்கிட்டுப் போயிடணும். இந்தத் தெருவுல உன் நிழல்கூட விழக் கூடாது."

"வேற மாதிரி வந்தா?"

"பழைய படம், நெகட்டிவ், ரெண்டும் உனக்கு. கேமரா பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

பட்டன்காரி ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்தாள். அவள் கண் பளபளத்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். மச்சத்தை அழித்தது பவுடரும் இல்லை, ப்ரஷ்ஷும் இல்லை. ஒரு ரோலும் ஒரு கண்ணாடியும். அந்த இரண்டைப் பற்றி அத்தை வாயே திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"சரி" என்றாள் அவள். "சாவிக்காரரே, நீங்கதான் சாட்சி."

"நான் இருக்கேன் தாயி" என்று அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு வேடிக்கை என்றால் சாப்பாடு வேண்டாம்.

ரோலை மாட்ட நான் உள்ளே போனேன். காகிதத்தில் படம் போடும்போது சிவப்பு பல்பு எரியலாம். இந்த ரோலுக்கு அது ஆகாது, சிவப்பைத்தானே அது தின்கிறது. அதற்கு ஸ்விட்ச் கிடையாது. பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டில் ரோலை மாட்டினேன். கதவுக்கு வெளியே அத்தை வந்து நின்று மெதுவாகப் பேசினாள். சந்தோஷமாக இருந்தால் அவள் மெதுவாகப் பேசுவாள்.

"நாளைக்கு அந்தச் சனியன் இந்தத் தெருவுலயே இருக்காது. கேக்குதா கரப்பான்? இவ கதை முடியட்டும். அடுத்தது உன்னை உக்கார வெச்சு ஒரு பால் படம் எடுத்து அனுப்புறேன். எவனாவது ஒருத்தன் ஏமாறுவான். உங்கப்பனும் நிம்மதியா தூங்குவான்."

நான் கேமராவின் முதுகை மூடினேன்.

வெளியே விளக்குகள் எரிந்தன. பட்டன்காரியை அத்தை நாற்காலியில் உட்கார வைத்து, வாசலில் தொங்கும் படத்தில் இருப்பது மாதிரியே கழுத்தைத் திருப்பினாள். வேண்டுமென்றே அப்படித் திருப்பினாள். மச்சம் முழுதும் கேமராவுக்கு நேராக வந்தது. சாவிக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"முகத்தைத் துடைச்சுக்கம்மா. அப்புறம் பவுடர்னு சொல்லப்போறே" என்று அத்தை ஈரத்துணியை வீசினாள். பட்டன்காரி கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். மச்சம் இன்னும் சிவந்தது. சாவிக்காரர் "ச்சு" கொட்டினார். அவள் அவரை முறைத்தாள்.

அத்தை குனிந்து முகத்தைக் கூர்மையாக்கினாள். வளையத்தைச் சிவப்புக் குறிக்குத் திருப்பினாள். கண்ணை எடுத்தாள்.

"கண்ணாடி."

பெட்டியைத் திறந்தேன். என் விரல் விளிம்பில் வெட்டு இருந்த கண்ணாடியைத் தொட்டது. பிறகு அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தது. அவள் மேல் இரக்கப்பட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கையை விளங்காமல் போகச் சொன்னவள் அவள். ஆனால் நாளைக்கு அதே நாற்காலியில் கறுத்த உதட்டோடு உட்காரப்போவது நான். எனக்கு முன்னால் ஒருத்தியாவது அதிலிருந்து தன் முகத்தோடு எழுந்து போகட்டும் என்று இருந்தது. நீலக் கண்ணாடியைத் திருகிவிட்டு ஒதுங்கினேன். முன்னாலிருந்து பார்த்தால் அதுவும் கறுப்பு வட்டம்தான்.

"மூச்சை அடக்கு" என்றாள் அத்தை.

மூடி திறந்து மூடியது. அத்தை எட்டிப் பார்க்கவில்லை.

கழுவும் அறைக்குள் பட்டன்காரி என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். இருட்டில் அவள் மூச்சு சத்தம் கேட்டது. நான் ரோலை உருளையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்றே? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியக் கூடாது."

"அட, வாய் இருக்கே! அப்புறம் எதுக்குக் கட்டி வெச்சிருக்கே?"

"பேசினா திட்டுறாங்க."

"பேசலைன்னா கொஞ்சுறாங்களா?"

டப்பாவை மூடி மருந்தை ஊற்றினேன். பல்பைப் பையிலிருந்து எடுத்துத் திருகினேன். சிவப்பு வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

அவள் கன்னத்தில் மச்சம் இல்லை.

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிவப்பு பல்பில் வெளிச்சமே சிவப்பு. சிவந்த மச்சமும் மற்றத் தோலும் அதில் ஒன்றுபோலத்தான் தெரியும். என் முன்னால் ஸ்டூலில், டப்பாவை உற்றுப் பார்த்தபடி, வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவள் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அதே பாலாடைக் கன்னம். இத்தனை காலம் இந்த அறையில் இருந்தும் என்னோடு இங்கே யாரும் உட்கார்ந்ததில்லை என்பதால் இது எனக்குத் தோன்றவே இல்லை.

"என்ன முறைக்கிறே?"

"ஒண்ணுமில்ல."

"மச்சம்தானே? எல்லாரும்தான் பாக்குறாங்க. நல்லா பாத்துக்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருக்கவில்லை. சொல்லவும் தோன்றவில்லை. இன்னொரு பொய்யை அவளுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது?

நெகட்டிவைக் கழுவி, முடி உலர்த்தும் காற்று மெஷினில் உலர்த்தினேன். அவள் ப்ரஷ் எதையாவது தொடுகிறேனா என்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கும் மெஷினில் போட்டுப் பெரிய காகிதத்தில் வெளிச்சம் விட்டு, தட்டில் மருந்துக்குள் நழுவவிட்டேன்.

மருந்தில் எப்போதும் கறுப்புதான் முதலில் வரும். பால் படம் என்றால் முதலில் கண் இரண்டும் மிதந்து வரும், முகம் கடைசியில் வரும். இப்போது வெள்ளைக் காகிதத்தின் நடுவில் தீவு மாதிரி ஒன்று வந்தது. கரை ஓரங்கள் கூர்மையாக, உள்ளே திட்டுத் திட்டாக. அதற்குப் பிறகுதான் அதைச் சுற்றி ஒரு பெண் வந்தாள்.

பட்டன்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"வந்துடுச்சு" என்றாள். பிறகு இன்னும் குனிந்து, "வந்துடுச்சுடி" என்றாள்.

படத்தைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட அவளே தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் பின்னால் போய்த் திரைச்சீலை ஓரத்தில் நின்றேன்.

அத்தை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்த்தாள். அவள் கண் மச்சத்துக்குப் போகவில்லை. முதலில் செடிக்குப் போனது. செடியின் இலைகள் கரியைப் பூசியது மாதிரி இருந்தன. பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சொல்ல முடியாது. கண்ணாடியை மாற்றிவிட்டாள் என்று கத்தினால், எந்தக் கண்ணாடி, எதற்குக் கண்ணாடி என்று சாவிக்காரர் கேட்பார். வாசலில் நிற்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். இதுநாள் வரை அத்தை வெளுக்க வைத்து அனுப்பிய பெண்களின் கதை எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். அத்தை தன் வார்த்தையைத் தானே விழுங்குவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

சாவிக்காரர் படத்தைக் கிட்டே வந்து பார்த்தார். "என் படம் மாதிரியே இருக்கே! அதே மாதிரி பயமா..."

"வாயை மூடும்யா" என்றாள் அத்தை.

பட்டன்காரி அதற்குள் படத்தை வெளிச்சத்துக்கு எடுத்துப்போயிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு குறைந்தது. கழுத்தைத் தடவினாள்.

"இங்க எனக்கு இல்லையே. இவ்வளவு கறுப்பும் இல்ல. கழுத்து வரைக்கும் எறங்கியிருக்கு."

மீசைக் கண்ணாடி அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள் ஒளிந்திருப்பதையும் இழுத்துக்கொண்டு வரும். அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தாள். மீன் மாட்டிய தூண்டில்காரன் மாதிரி எழுந்தாள்.

"பாத்தியா? இதுவும் நீ இல்லன்னு நீயே சொல்றே. எல்லாரும் கேட்டீங்கல்ல? அப்ப பந்தயமே செல்லாது. கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

தெரு அவளைப் பார்த்தது. அவள் படத்தைப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டியில் இருந்ததைப் பார்த்தாள். மறுபடி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மச்சத்தை அழிச்சப்ப யாரும் இது நீ இல்லன்னு சொல்லலையே. கொஞ்சம் கூடிப்போனா மட்டும் நான் இல்லாம போயிடுவேனா? நான்தான் இது. மாட்டுங்க."

"யோசிச்சு..."

"மாட்டுங்கன்னேன்ல."

அத்தைதான் மாட்டினாள். பெட்டியைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு, புதியதை நாலு மூலையிலும் ஊசி குத்தி நிறுத்தினாள். அவள் எடுத்த ஒரே நல்ல படத்தைப் பட்டன்காரி வாங்கி இரண்டாக மடித்து மூட்டைக்குள் திணித்தாள். பழைய நெகட்டிவையும் நான் கொண்டுவந்து கொடுத்தேன். அதை வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு நூல் வெட்டும் கத்தரியை எடுத்துத் தன் உருவத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள். மீதியை அத்தையிடம் நீட்டினாள்.

"செடியை நீங்க வெச்சுக்குங்க."

சாவிக்காரர் அரத்தால் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அத்தை அந்தத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏ கோட்டான்" என்று பட்டன்காரி என்னைக் கூப்பிட்டாள். "இந்தப் புதுசுல சின்னதா ஒரு காப்பி போட்டு வை. நாளைக்கு வாங்கிக்கிறேன். அவன் மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அதுக்கு மேலயே ஒட்டிட்டு வரப்போறேன். தினம் பாத்துக்கிட்டே கல்லாவுல உக்காரட்டும்."

மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததற்கு எப்படிச் சொல்வாள்? தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

கூட்டம் கலைந்ததும் நான் கழுவும் அறைக்குள் போய்க் காப்பி போட ஆரம்பித்தேன். கதவு திறந்தது. அத்தை முதல் தடவையாக உள்ளே வந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். வந்ததும் இருமினாள். அடிப்பாள் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் தட்டில் கிடந்த சின்னப் படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"கண்ணு ஷார்ப்பா இல்ல" என்றாள்.

நான் இடுக்கியால் படத்தைப் புரட்டினேன்.

"கன்னம் மட்டும் கத்தி மாதிரி இருக்கு. கண்ணு ரெண்டும் மங்கல். நான் சிவப்புக் குறிக்குத் திருப்பி வெச்சிருந்தேன். நீலத்தை மாட்டுறவளுக்கு வளையத்தைத் திருப்பி வெக்கணும்னு தோணலை. துரோகம் பண்றதைக்கூட உனக்கு ஒழுங்கா பண்ணத் தெரியல."

"தோணல அத்தை."

"வாயைத் தொறந்துட்டாளே மகாராணி!" மறுபடி இருமினாள். "நாளைக்குக் காலையில நீ உக்கார்றே. பால் கண்ணாடி. நானே மாட்டிக்கிறேன். பெட்டியை எங்கிட்ட குடு. மத்தியானத் தபால்ல படம் போயிடணும். அடுத்த மாசம் உன் மூஞ்சியை நான் பாக்கக் கூடாது."

"மீசைக் கண்ணாடியில எடுங்க."

"என்னது?"

"என்னை மீசைக் கண்ணாடியில எடுங்க. அதை அனுப்புங்க."

"அதைப் பாத்துட்டு எவன்டி வருவான்?"

"வராட்டி போறான்."

அவள் கை ஓங்கியதைச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். படம் போடாத காகிதங்களை உறைக்குள் தள்ளிவிட்டு, பல்பைப் பிடித்துத் திருகிக் கழற்றினேன். சுடும், பழக்கம்தான். அறை இருண்டது. பல்பைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டடி நகர்ந்தேன். ஓங்கிய கை நான் நின்றிருந்த இடத்தில் காற்றைச் சீவிவிட்டு எதிலோ விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மருந்துத் தட்டாக இருக்கும்.

"ஐயோ என் புடவை! பல்பைப் போடுடி!"

நான் சுவரோரமாக நின்றேன். அவள் மேசையைத் தடவினாள், ஸ்டூலில் முட்டிக்கொண்டாள், இருமினாள், என்னையும் என் அப்பாவையும் அப்பாவைப் பெற்றவர்களையும் திட்டினாள். அப்பாவைப் பெற்றவர்கள்தான் அவளையும் பெற்றவர்கள் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டாள்.

"கதவு எந்தப் பக்கம்டி?" என்றாள்.

நான் சொல்லவில்லை.